மருந்து விசிறும் ட்ரோனை இயக்கும் மனிதரைச் சமன்பாடாக எழுதுவது எப்படி?

கேள்வி: அறிவியல்நகர் மாணவி

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பொறியியற்பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். இரணைமடுக் குளத்து நீரில் சிறுபோகம் செய்யப்படும் வயல்களில் மருந்து விசிறும் ட்ரோனையும் அதை இயக்குபவரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு கணித மாதிரியுரு ஒன்றை அமைப்பதே எனது ஆய்வுத் திட்டம்.

ட்ரோனின் பக்கம் எனக்குத் தெளிவாக இருக்கிறது. திணிவு, சுழலிகளின் உந்துவிசை, தாங்கியில் குறைந்துகொண்டே போகும் மருந்தின் நிறை, சோளகக் காற்றின் தள்ளுகை ஆகியவற்றை நியூற்றனின் விதிகளைக்கொண்டு எழுதிவிடலாம். மனிதரின் பக்கத்தில்தான் நின்றுவிட்டேன். கண்ணால் வழுவை (ட்ரோன் இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிய அளவை) பார்த்து, கையால் ஸ்ரிக்கை (இயக்கும் கைப்பிடியை) தள்ளும் ஒருவருக்கு ஒரு பரிமாற்றச் சார்பு, அதாவது உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தொடர்புபடுத்தும் சமன்பாடு, உண்டா? உண்டென்றால் அதன் பரமானங்களை (அதிலுள்ள எண் பெறுமதிகளை) எங்கிருந்து எடுப்பது? ஒருவர் களைத்திருக்கும்போதும் களைக்காதபோதும் அது ஒன்றாகவா இருக்கும்?

இதனோடு சேர்ந்த இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. ட்ரோனை நேரே பார்க்காமல் கமெராத் திரையைப் பார்த்து இயக்கும்போது படம் தாமதமாக வருகிறது; அந்தத் தாமதத்தை மாதிரியுருவில் எந்த இடத்தில் வைப்பது? அடுத்து, ஒருவரே மூன்று நான்கு ட்ரோன்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்படுகிறது. அந்த எண்ணிக்கையைக் கணக்கால் காட்ட முடியுமா? இத்துறையில் பழக்கமுள்ள அண்ணாமார், அக்காமார் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: கனகராயன் ஆறு

தங்கச்சி, நல்ல கேள்வி. ஆனால் கேள்வியைச் சிறிது திருப்பிப் போட்டால்தான் விடை அகப்படும். மனிதருக்கென்று நிலையான ஒரு சமன்பாடு இல்லை; அவர் எதை இயக்குகிறாரோ அதற்கேற்பத் தன் சமன்பாட்டை மாற்றிக்கொள்கிறார். லான்மாஸ்டரை (இருசக்கர உழவு இயந்திரத்தை) வரம்போரம் திருப்பும் கையும் மோட்டார் சைக்கிளை ஒழுங்கையில் திருப்பும் கையும் ஒரே ஆளுடையவையாக இருந்தாலும் அவை ஒரே விதமாக இயங்குவதில்லை. மாறாமல் இருப்பது மனிதரும் பொறியும் சேர்ந்த தொடரின் வடிவமே.

இந்த விடயத்தை முதலில் கணிதமாக எழுதியவர்களுள் ஆர்னல்ட் டஸ்ரின் முக்கியமானவர். பீரங்கிச் சுழல்மேடையை இயக்கும் வீரரின் கையசைவை ஒரு நேர்கோட்டு விதியும் அதனுள் அடங்காத ஒரு மீதியுமாகப் பிரித்து 1947இல் அவர் வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவில் டுவேன் மெக்ரூவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1950களிலும் 1960களிலும் விமானிகளை வைத்துச் செய்த நீண்ட அளவீடுகளிலிருந்து கிரொஸ்ஓவர் மாதிரியுருவை உருவாக்கினார்கள். அதன் சாரம் இதுதான்: பழக்கப்பட்ட ஒருவர் வழுவைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கும்போது, மனிதரின் சார்பையும் பொறியின் சார்பையும் பெருக்கினால் வருவது, நயம் (உள்ளே போவதைப்போல் வெளியே வருவது எத்தனை மடங்கு என்பது) 1 என்ற பெறுமதியைக் கடக்கும் மீடிறனின், அதாவது கடப்பு மீடிறனின், அயலில், ஒரு தனித் தொகையீடும் ஒரு தாமதமும் மட்டுமே கொண்டதாக இருக்கும். பொறி எதுவாயினும் தான் சேரும்போது இந்த வடிவம் வரும்படி மனிதர் தன்னை அமைத்துக்கொள்கிறார்.

இதை உங்கள் ட்ரோனில் வைத்துப் பாருங்கள். ஜீபிஎஸ் உதவியோடு பறக்கும் நிலையில் ஸ்ரிக்கைத் தள்ளும் அளவு வேகமாக மாறுகிறது. வேகத்தைத் தொகையிட்டால் இடம். ஆகவே பொறியே ஒரு தொகையீட்டைத் தந்துவிடுகிறது. மனிதர் வெறும் நயமாக, அதாவது வழுவின் அளவுக்கு ஏற்பக் கையைத் தள்ளுபவராக இருந்தாலே போதும். ஜீபிஎஸ் இல்லாமல் ட்ரோனின் சாய்வுக்கோணத்தை மட்டும் கட்டுப்படுத்தும் நிலையில், ஸ்ரிக் சாய்வாகி, சாய்வு ஆர்முடுகலாகி, இடத்துக்கு வருவதற்குள் இரண்டு தொகையீடுகள் சேர்ந்துவிடுகின்றன. அப்போது மனிதர் ஒரு தொகையீட்டை ஈடுசெய்வதற்காக வழுவின் மாறும் வீதத்தையும் கணித்து, முன்கூட்டியே கையை எடுக்க வேண்டும். அது மூளைக்குப் பாரமான வேலை. அவருடைய தாமதமும் அதனால் கூடுகிறது. கோண வேகத்தையே ஸ்ரிக்கால் கட்டுப்படுத்தும் நிலையிலோ மூன்று தொகையீடுகள் வந்துவிடும். இடத்தின் வழுவை மட்டும் பார்த்து அதை எவராலும் உறுதியாகப் பிடிக்க முடியாது. ட்ரோனின் சாய்வைப் பார்த்துத் திருத்தும் உள்வளையம் ஒன்றையும், இடத்தைப் பார்த்துத் திருத்தும் வெளிவளையம் ஒன்றையும் மனிதரே அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் ஒரு நிலையில் இலகுவாகவும் இன்னொரு நிலையில் திணறியும் பறப்பதற்குக் காரணம் இந்தத் தொகையீடுகளின் எண்ணிக்கைதான். எனவே உங்கள் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே ட்ரோன் எந்த நிலையில் பறக்கிறது என்பதை எழுதிவிடுங்கள். அது இல்லாமல் மனிதரின் பரமானம் எதுவும் பொருள் தராது.

தாமதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மாதிரியுருவில் உள்ள தாமதம் ஒன்றேதான். கண், மூளை, நரம்பு, தசை எல்லாவற்றுக்குமாக அதை 0.3 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். கடப்பு மீடிறன் செக்கனுக்கு 3 ஆரையன் என்றால், தாமதம் தின்னும் அவத்தை (அலை பின்தங்கும் கோணம்) 0.9 ஆரையன், அதாவது ஏறத்தாழ 52 பாகை. தனித் தொகையீடு உறுதியை இழக்கும் எல்லைக்கு முன் இருக்கும் 90 பாகையில் 38 பாகை மிச்சமாக நிற்கிறது; தொகுதி நன்றாக உறுதியாக இருக்கும். இப்போது கமெராத் திரையில் வரும் படத்தின் தாமதத்தை 0.2 செக்கன் என்று வைத்துச் சேருங்கள். மனிதரின் தாமதமும் இணைப்பின் தாமதமும் கூட்டப்பட்டு 0.5 செக்கனாகின்றன. அதே கடப்பு மீடிறனில் 86 பாகை போய்விடும். மிஞ்சுவது 4 பாகை. ட்ரோன் அங்குமிங்கும் அலையத் தொடங்கும். இயக்குபவர் பழைய உறுதியைப் பெற வேண்டுமானால் கடப்பு மீடிறனை 1.8 ஆகக் குறைக்க வேண்டும். அதாவது கையை மென்மையாக வைக்க வேண்டும், காற்று தள்ளுவதைத் திருத்தும் விரைவை விட்டுக்கொடுக்க வேண்டும். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் அந்த 0.2 செக்கனுக்குள் ட்ரோன் ஒரு மீற்றர் முன்னால் போயிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தாமதம் ஒரு செக்கனையும் தாண்டினால் மனிதர் தொடர்ச்சியாகத் திருத்துவதையே விட்டுவிடுகிறார். சிறிது நகர்த்தி, கையை எடுத்து, என்ன நடந்தது என்று பார்த்து, மறுபடியும் நகர்த்துகிறார். நிலாவிலுள்ள கருவியைப் பூமியிலிருந்து இயக்கினால் சமிக்ஞை போய்வர ஏறத்தாழ 2.6 செக்கன் எடுக்கும் என்பதைக் கருத்திற்கொண்டு, ஆய்வாளர்களான ஷெரிடனும் ஃபெரலும் 1960களில் செய்த சோதனைகளில் இந்த நடத்தையைத் தெளிவாகக் காட்டினார்கள். அமெரிக்க விமானப்படையின் பிரெடேற்றர் ஆளில்லா விமானத்தைச் செய்மதி இணைப்பினூடாகத் தொலைவிலிருந்து பறக்கவிட்டாலும், ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஓடுபாதையின் அருகில் வேறொரு குழுவை வைத்திருந்ததற்கு இந்தத் தாமதமே காரணம்.

பதில்: வரம்போரம்

நான் முரசுமோட்டைப் பக்கத்தில் கூலிக்கு மருந்து விசிறிக் கொடுக்கிறேன். மேலே அண்ணா எழுதிய கணக்கை முழுமையாக விளங்கிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் வயலில் நடப்பதைச் சொன்னால் தங்கச்சிக்குப் பயன்படலாம்.

முதலாவது, இயக்குபவர் வழுவை எல்லாத் திசையிலும் ஒரே தெளிவோடு பார்ப்பதில்லை. வரம்பில் நின்று பார்க்கும்போது ட்ரோன் இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகினால் உடனே தெரியும். எனக்கு நேரே முன்னால் போவதில் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது 100 மீற்றருக்கு அப்பால் கண்ணுக்குப் பிடிபடாது. மறுகரையில் பனைகளோ மின்கம்பியோ இருக்கும் வயல்களில் அதனாலேயே இன்னொருவரை அந்தக் கரையில் நிறுத்துகிறோம். இரண்டாவது, ட்ரோனின் முகம் என்னை நோக்கித் திரும்பியவுடன் இடமும் வலமும் மாறிவிடுகின்றன. பழகியவர்களுக்குக்கூட காற்றடிக்கும்போது, களைப்பு ஏறிய பின், அந்தத் திருப்பத்தில்தான் கை தவறும். மூன்றாவது, தாங்கி நிறைந்திருக்கும்போது இருக்கும் ட்ரோனும் தாங்கி வெறுமையானபோது இருக்கும் ட்ரோனும் கைக்கு வேறு வேறாகத் தெரிகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயலின் நான்கு மூலைகளையும் குறித்துக் கொடுத்தால் ட்ரோன் தானாகவே வரிசை வரிசையாகப் போய்வருகிறது. அந்த நேரம் முழுவதும் நான் ஸ்ரிக்கைத் தொடுவதே இல்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கையால் பறப்பது ஒழுங்கற்ற வடிவமுள்ள சிறு வயல்களிலும், வரம்போரங்களிலும், ஏதேனும் பிழைக்கும்போதும் மட்டுமே. நீங்கள் எந்த மனிதரை எழுதப்போகிறீர்கள், பறக்கும் மனிதரையா, பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதரையா?

ஒரு வேண்டுகோளும் உண்டு. சோதனைக்காகப் பறக்கவிடும் நாட்களில் அயலிலுள்ள குடும்பங்களுக்கு முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். போர்க்காலத்தில் தலைக்கு மேல் வேவு விமானம் இரைந்துகொண்டு நின்ற நாட்களை எங்கள் சனம் மறக்கவில்லை. வயதானவர்கள் சிலர் இன்றைக்கும் அந்த ஓசை கேட்டால் வேலையை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள். இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியை எடுப்பது சட்டத்துக்காக. அயலவரிடம் சொல்வது அவர்களுக்காக.

மறுமொழி: அறிவியல்நகர் மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. அயலவர்களுக்கு அறிவிப்பதை எனது செயற்திட்டத்தில் முதற்படியாகவே எழுதிக்கொண்டேன். பீடத்தின் ஆய்வு ஒழுக்கக் குழுவுக்கான விண்ணப்பத்திலும் அதைச் சேர்ப்பேன். வரம்போரம் அண்ணா கேட்ட கேள்விக்கு, இரண்டு மனிதர்களையும் எழுத வேண்டும் என்றே இப்போது நினைக்கிறேன்.

கனகராயன் ஆறு அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பறப்புப் பதிவுகளில் ஸ்ரிக்கின் நிலையும் ட்ரோனின் இடமும் நேரத்தோடு பதிவாகின்றன. திட்டமிட்ட பாதையிலிருந்து விலகிய வழுவையும் ஸ்ரிக்கின் அசைவையும் எடுத்து, ஒவ்வொரு மீடிறனிலும் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மனிதரின் பரிமாற்றச் சார்பு கிடைத்துவிடாதா?

பதில்: கனகராயன் ஆறு

கிடைக்காது தங்கச்சி. இந்த இடத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

மனிதரும் ட்ரோனும் மூடிய வளையத்தில் இருக்கிறார்கள்; ஒருவர் செய்வது மற்றதன் வழியாகச் சுற்றி அவரிடமே திரும்பி வருகிறது. மனிதரின் கையசைவில் இரண்டு பகுதிகள் உண்டு: வழுவுக்கு மறுமொழியாக வரும் பகுதி ஒன்று, வழுவோடு நேர்கோட்டுத் தொடர்பில்லாமல் அவரிடமிருந்தே எழும் மீதி இன்னொன்று. கவனச் சிதறல், நடுக்கம், நயத்தை அவர் அவ்வப்போது மாற்றுவது எல்லாம் அந்த மீதிக்குள் அடங்கும். வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வராமல், அந்த மீதியே ட்ரோனை அசைத்து, அந்த அசைவே வழுவாகத் திரும்பி வந்தால், நீங்கள் வகுத்துப் பெறுவது மனிதரின் சார்பாக இராது. ட்ரோனின் சார்பின் தலைகீழே எதிர்க்குறியோடு வந்து நிற்கும். மனிதரை அளந்தோம் என்று எண்ணி ட்ரோனை அளந்திருப்பீர்கள். காற்று வெளியிலிருந்து தள்ளுகிறதே என்று கேட்கலாம். ஆனால் காற்றின் பருமனை நீங்கள் அளக்கவில்லை. மீதியையும் காற்றையும் பிரிக்க வழியிராது.

ஆகவே நீங்களே அறிந்த ஒரு சமிக்ஞையை வளையத்துக்குள் இட வேண்டும். வழமையான முறை, ஒன்றுக்கொன்று மடங்காக அமையாத மீடிறன்களைக் கொண்ட பல சைன் அலைகளைக் கூட்டுவது. செக்கனுக்கு 0.2 ஆரையனிலிருந்து 10 ஆரையன் வரை ஏழெட்டு மீடிறன்களைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொன்றும் அளவீட்டு நேரத்துக்குள் முழு எண்ணிக்கையான சுற்றுகளை முடிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பல அலைகள் கூடியிருப்பதால் இயக்குபவருக்கு அது எழுந்தமானமாகத் தோன்றும். அடுத்தது என்னவென்று அவரால் ஊகிக்க முடியாது. பின்னர் அந்த மீடிறன்களில் மட்டும் ஸ்ரிக்கின் ஃபூரியர் குணகத்தை (அந்த மீடிறனிலுள்ள அலையின் பருமனையும் அவத்தையையும் தரும் எண்ணை) வழுவின் குணகத்தால் வகுத்தால் மனிதரின் சார்பு அந்தப் புள்ளிகளில் கிடைக்கும். இடைப்பட்ட மீடிறன்களில் ஸ்ரிக்கில் காணப்படும் வலு மீதியைச் சார்ந்தது. களைப்பை அறிய விரும்பினால் அந்த மீதியைக் கவனியுங்கள். ஒரே ஆளைக் காலையிலும், நீண்ட வேலைக்குப் பின்னரும் அளந்து, நயம், தாமதம், மீதி ஆகிய மூன்றில் எது எவ்வளவு மாறியது என்று காட்டினால் அதுவே நல்லதோர் ஆய்வாகும்.

இதை முதலில் கணனிப் பாவனையாக்கத்தில் செய்யுங்கள். மருந்துத் தாங்கியோடு பறக்கும் ட்ரோனில் முதல்நாளே அலைகளை இட வேண்டாம். பின்னர் வெறும் தாங்கியோடு, ஆளில்லாத தரிசு நிலத்தில் செய்யலாம். ஆர்டுபைலட் போன்ற திறந்த மென்பொருளில் பறக்கும்போதே அறிந்த சமிக்ஞையை இடுவதற்கான வசதி இருக்கிறது. அதன் வீச்சைச் சிறிதாக வைத்து, எந்தக் கணமும் நிறுத்தக்கூடிய ஆளி ஒன்றைக் கைக்கருகில் வையுங்கள்.

வரம்போரம் தம்பி சொன்ன முதலாவது விடயம் என்னை மிகவும் மகிழ்வித்தது. முன்பின் தூரம் கண்ணுக்குப் பிடிபடாது என்பதைக் கிரொஸ்ஓவர் மாதிரியுருவால் இயல்பாகச் சொல்ல முடியாது. அதற்கு 1970இல் கிளைன்மன், பாரன், லெவிசன் ஆகியோர் வெளியிட்ட உத்தமக் கட்டுப்பாட்டு மாதிரியுரு பொருத்தமானது. அதில் மனிதர் பார்க்கும் ஒவ்வொரு கணியத்துக்கும் அவதானிப்பு இரைச்சல் ஒன்று சேர்க்கப்படுகிறது. அந்த இரைச்சல் கணியத்தின் பருமனோடு சேர்ந்து கூடும். இரைச்சல் கலந்த, தாமதித்த அவதானிப்பிலிருந்து கல்மன் வடிகட்டியால் உண்மை நிலையை மதிப்பிட்டு, வழுவையும் கை உழைப்பையும் சேர்த்து மிகக் குறைவாக்கும்படி மனிதர் செயற்படுகிறார் என்பது அதன் எடுகோள். பக்கவாட்டுத் தூரத்துக்குச் சிறிய இரைச்சலும் முன்பின் தூரத்துக்குப் பெரிய இரைச்சலும் கொடுத்துப் பாருங்கள். மறுகரையில் ஏன் இன்னொருவர் தேவைப்படுகிறார் என்பதை உங்கள் மாதிரியுருவே சொல்லும். பரமானங்கள் அதிகம் என்பது இதன் குறை. ஒரே தரவுக்குப் பல தொகுதிப் பரமானங்கள் பொருந்திவிடும். எனவே கிரொஸ்ஓவர் மாதிரியுருவில் தொடங்கி, அது போதாத இடத்துக்கு மட்டும் இதைக் கொண்டுவருவதே என் விருப்பம்.

பதில்: செட்டிகுளத்தான்

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன், எனது துறை செயற்பாட்டு ஆய்வு. மூன்று நான்கு ட்ரோன்களை ஒருவர் பார்ப்பது பற்றிய கேள்வி இன்னும் விடையின்றி இருக்கிறது. வரம்போரம் சொன்ன, பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதருக்குப் பரிமாற்றச் சார்பு பொருந்தாது. அவரை வரிசைக் கோட்பாட்டால், அதாவது காத்திருப்பைக் கணக்கிடும் கணிதத்தால், எழுத வேண்டும்.

ஒரு ட்ரோனை எவரும் கவனிக்காமல் விடக்கூடிய நேரத்தையும், அதற்கு மனிதர் செலவிட வேண்டிய நேரத்தையும் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் ஒருவர் பார்க்கக்கூடிய எண்ணிக்கை வரும் என்பது ஓல்சனும் குட்ரிச்சும் முன்வைத்த எளிய சூத்திரம். கணக்குக்காக, ட்ரோன் தானாக 8 நிமிடம் விசிறுகிறது, பற்றரியும் மருந்தும் மாற்றி அடுத்த பாதையைக் கொடுக்க 2 நிமிடம் ஆகிறது என்போம். விடை 5. இந்த 5ஐ நம்பி வயலுக்குப் போகக் கூடாது. இரண்டு ட்ரோன்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் ஒன்று காத்திருக்கும் என்பதையும், காத்திருப்பதை மனிதர் கவனிக்கவே சிறிது நேரம் செல்லும் என்பதையும் அந்தச் சூத்திரம் கருதுவதில்லை. மேரி கமிங்ஸ் போன்றோர் பின்னர் இந்தக் காத்திருப்பு நேரங்களையும் வகுக்கும் எண்ணோடு சேர்த்தார்கள். சேர்த்தவுடன் எண்ணிக்கை இறங்கிவிடுகிறது.

ட்ரோன்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒரு திருத்துநர் பல இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பழைய வரிசைச் சிக்கலாக இதை எழுதலாம். இரு நேரங்களும் அடுக்குக்குறிப் பரம்பல் (குறுகிய நேரங்கள் அதிகமாகவும் நீண்டவை அரிதாகவும் வரும் சிதறல்) உடையவை என்று எடுத்து மேற்சொன்ன எண்களை இட்டுப் பார்த்தேன். மூன்று ட்ரோன் என்றால் மனிதர் தன் நேரத்தில் ஏறத்தாழ 55 சதவீதம் வேலையில் இருப்பார். வந்து நிற்கும் ட்ரோன் சராசரியாக 0.9 நிமிடம் காத்திருக்கும். நான்கு என்றால் 69 சதவீதம், 1.6 நிமிடம். ஐந்து என்றால் 80 சதவீதம், 2.5 நிமிடம். வேலைப்பளு 70 சதவீதத்தைத் தாண்டும்போது மேற்பார்வை செய்பவரின் செயற்றிறன் சரியத் தொடங்குகிறது என்பது இத்துறையில் பரவலாகக் கையாளப்படும் எல்லை. அதன்படி, இந்த எண்களுக்கு நான்கே விளிம்பு. எதிர்பாராதது நடக்கக்கூடிய வயலில் மூன்றோடு நிற்பது நல்லது.

மிகக் குறைந்த பளுவும் தீங்கானது என்பதை மாணவி மாதிரியுருவில் விட்டுவிடக் கூடாது. ஒரேயொரு ட்ரோனை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவரின் கவனம் நழுவும். திடீரென்று கையால் பறக்க வேண்டி வந்தால், வளையத்துக்குள் மறுபடியும் நுழைவதற்கு அவருக்குச் சில செக்கன்கள் வேண்டும். கனகராயன் ஆறு எழுதிய 0.3 செக்கன் ஏற்கெனவே வளையத்துக்குள் இருப்பவருக்கு உரியது. வெளியில் இருந்து வருபவருக்கு அது பொருந்தாது. இரண்டு மனிதர்களையும் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். அவர்களில் ஒருவர் மற்றவராக மாறும் அந்தச் சில செக்கன்களை அளப்பதுதான் உங்கள் ஆய்வில் மிகவும் பெறுமதியான பகுதியாக இருக்கும்.

அடுக்குக்குறிப் பரம்பல் என்ற எனது எடுகோள் உங்கள் வயலுக்குச் சரிவராமல் போகலாம். பற்றரி மாற்றும் நேரம் அவ்வளவு பரந்து சிதறாது. வரம்போரத்தோடு சில நாட்கள் நின்று, ஒவ்வொரு ட்ரோனும் இறங்கிய நேரம், கை வைத்த நேரம், மறுபடி எழும்பிய நேரம் ஆகிய மூன்றையும் குறித்து அட்டவணையாக இங்கே இட்டால், அந்தப் பரம்பலைக் கொண்டே இயங்கும் பாவனையாக்க நிரலை நான் எழுதித் தருகிறேன்.

பதில்: வரம்போரம்

வரும் கிழமை முரசுமோட்டையில் வேலை இருக்கிறது தங்கச்சி, இரண்டு ட்ரோன்களும் வரும். காற்று எழும்புமுன் விசிறி முடிக்க வேண்டும் என்பதால் காலை 6 மணிக்கே தொடங்கிவிடுவோம்; நேரம் குறிக்க உங்களோடு இன்னொருவரையும் அழைத்து வாருங்கள், மறுகரையில் நிற்பவருடைய நேரங்களும் தேவைப்படும்.